காரின் துருவும் ரோச்சின் சொற்களும்

செப்டம்பர் 2, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் தமயந்தி இந்த நோட்டைப் போடச் சொன்னாள். ஒரு நாளில் அவர் வாயிலிருந்து என்ன சொல் வருகிறது, எப்போது வருகிறது, எதைப் பார்த்து வருகிறது என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். வாரம் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பாள்.

அவர் என்றால் என் கணவர் ரோச். வயது ஐம்பத்தைந்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலது கை முழுக்கப் போய்விட்டது, வலது கால் பாதி. கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது என்கிறாள் தமயந்தி.

நான் ஜெயசீலி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். பார்ப்பதை எண்ணி எழுதுவது எனக்குப் பழகிய வேலை.

இன்று பேசியது: வேண்டாம் (இட்லி). சரி. டீ. வேண்டாம் (எதற்கென்று தெரியவில்லை).

செப்டம்பர் 3, செவ்வாய்

வேண்டாம். சரி.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று ஒரு புதுச் சொல். அதை எழுதுவதற்கு முன் காரைப் பற்றி எழுத வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் பழைய விலைக்கு வாங்கிய சின்ன வெள்ளைக் கார் வீட்டு முன்னால் நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. பிப்ரவரியிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதற்கு முன்னும் ஒரு வருடமாக அவர் அதை அதிகம் எடுக்கவில்லை. எங்கள் திரேஸ்புரத்தில் கடல் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. சன்னல் கம்பி, கேட், மோட்டார் மூடி எல்லாம் பொரிந்துபோகும். காரும் அப்படித்தான் ஆகிவிட்டது. வருகிற அக்டோபர் 20-ஆம் தேதியோடு அதற்குப் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதி என்ற சான்று வாங்கிப் புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் ஓடக் கூடாது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஷைனி, பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னாள்.

இரும்புக்காரர் இன்று காலை வந்தார். பின் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. இனிமேல் இது எடைக்குத்தான் போகும் என்றார். அப்போது வாசலில் நாற்காலியில் இருந்த இவர், "துரு" என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். இடது கையை அந்த ஓட்டைப் பக்கம் நீட்டி, "துரு" என்று இன்னொரு தடவை சொன்னார். உதடு கோணாமல் தெளிவாக வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று இரும்புக்காரரை அனுப்பிவிட்டேன்.

இன்று பேசியது: துரு (2).

செப்டம்பர் 6, வெள்ளி

போனில் சொன்னதும் தமயந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு மாதமாக அவள் படம் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது பூனை, குடை, வாழைப்பழம். கை பழகிய பொருளுக்குப் பக்கத்தில்தான் சொல் சீக்கிரம் வருமாம். காருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஏதாவது ஒரு வேலையைச் செய்யச் சொன்னாள். அவரால் எப்படிச் செய்ய முடியும் என்று கேட்டேன். "நீங்க செய்யுங்க மேடம், அவர் பாக்கட்டும்" என்றாள்.

சரி, எஃப்.சி. எடுத்துவிட்டு நல்லபடியாக விற்றுவிடலாம். இது கார்மேல் ஆசைப்பட்டு எடுத்த முடிவு அல்ல.

செப்டம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினேன். மேலே கழுவுவது பெரிதில்லை, சக்கர வளைவுக்கு உள்பக்கமும் அடிப்பக்கமும்தான் உப்பும் மண்ணும் அப்பிக்கிடக்கின்றன. ஒரு வாளி மண்ணாவது விழுந்திருக்கும்.

பிறகு ஒரு மழுங்கின ஸ்குரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு 'டங்' என்கிறது. பெயின்ட் மட்டும் நல்லாயிருந்து உள்ளே செத்த தகடு 'தொப்' என்கிறது. இவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொப் என்கிற இடத்திலெல்லாம் கைத்தடியைத் தரையில் தட்டினார். நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். பதினொரு வட்டம்.

கதவுகளுக்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பது இன்றுதான் எனக்குத் தெரியும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக வைத்திருக்கிறார்கள். நான்கு கதவிலும் அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குடைந்ததும் பின் கதவிலிருந்து கறுத்த தண்ணீர் ஒழுகியது. அவ்வளவு நாளும் அது உள்ளேயே நின்று தின்றிருக்கிறது.

இன்று பேசியது: துரு. தண்ணி. ஓட்டை. மாங்கா (சுத்தியலைப் பார்த்து. தப்பு என்று அவருக்கே தெரிந்து சிரித்தார்). மேல. கீழ.

ஒரே நாளில் ஆறு. அவர் சிரித்ததையும் எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

துருச் சில்லு ஒன்றைப் பேப்பரில் மடித்து லேபுக்கு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒரே அழுக்கு நிறம். உள்ளே பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே மஞ்சள், அதற்குக் கீழே ஆரஞ்சு, இரும்பை ஒட்டிய இடத்தில் கறுப்பு. கறுப்பு அடுக்குக்கும் பளபளப்பான இரும்புக்கும் நடுவில் கோடு மாதிரி எதுவும் இல்லை. எது இரும்பு, எது துரு என்று அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசைப் பெண் என்ன சாம்பிள் என்று கேட்டாள். வீட்டு சாம்பிள் என்றேன்.

சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன் போலிருக்கிறது. டீ ஆறிவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

மழை வருகிற மாதிரி இருந்தது. தார்ப்பாய் போட்டு மூடினேன். பேசியது: மூடு. அந்தப் பக்கம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு பெரிய கண்டம் தப்பியது.

பின் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடியில் கம்பிப் பிரஷ் போடப் படுத்தேன். தலையை உள்ளே விட்டிருப்பேன், இவர், "கல்லு" என்றார். என்ன கல் என்று கேட்டுக்கொண்டே இன்னும் உள்ளே போனேன். "கல்லு, கல்லு, கல்லு" என்று கைத்தடியால் என் காலில் அடித்தார். வலித்தது. கோபத்தோடு வெளியே வந்தேன். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது, பக்கத்தில் கல் அடுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. மதில் ஓரத்தில் கிடந்த ஹாலோபிளாக் கற்களைக் கொண்டுவந்து, மேலே பலகை வைத்து முட்டுக் கொடுத்தேன். பிறகு ஜாக்கியை அசைத்துப் பார்த்தேன். மண்ணில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றிருந்தது.

இத்தனை மாதத்தில் எனக்காக அவர் இப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. அதைத் தமயந்தி கேட்கப்போவதில்லை. பேசியது: கல்லு (4).

செப்டம்பர் 16, திங்கள்

தமயந்தி நோட்டை வாசித்தாள். சந்தோஷப்பட்டாள். அடுத்தது இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். 'நான் வந்தேன்' என்பதுபோல ஆளும் செயலும் சேர்ந்து ஒரு வாக்கியம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டினது போலவாம்.

பிறகு சில கேள்விகள் கேட்டாள். பக்கவாதம் வந்தபோது எங்கே இருந்தார்? காருக்குள், ஓட்டுநர் சீட்டில் என்றேன். எப்போது பார்த்தீர்கள்? ஏழே முக்காலுக்கு. இதற்கு முன் வீட்டில் நிறையப் பேசுவாரா? அளவாகப் பேசுவார் என்றேன்.

அளவாக என்பது சரியான சொல் இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பரில் ஷைனிக்குக் கல்யாணம், இந்த வருடம் பிப்ரவரியில் இவருக்கு இப்படி ஆனது. நடுவில் பதினான்கு மாதம். கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் என் அண்ணனை இவர் ஒரு சொல் சொல்லிவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். 'பால் இல்லை', 'கரண்ட் ஆபீஸ் ஆள் வருவான்' என்று காலண்டர் தாளில் எழுதிவைப்போம். இது பயிற்சிக்குத் தேவைப்படாத விவரம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்ஜின் ஆயில் மாற்றினேன். அடியில் உள்ள திருகைக் கழற்றுவதற்கு முன் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும், சூட்டில்தான் எண்ணெய் இளகும். இதை அவர் கையால் காட்டியே புரியவைத்தார். பேட்டரிதான் செத்திருந்தது. அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைச் சோடாப்பு போட்ட வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார்.

வண்டி உறுமியதும் இவர் முகம் மாறிவிட்டது. சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

ஒரு வேடிக்கை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொல்லும்போது 'அருள் நிறைந்த மரியே' முழுவதையும் என்னோடு சேர்ந்து தடங்கலில்லாமல் சொல்லிவிட்டார். முடிந்ததும் 'தண்ணி வேணும்' என்று கேட்க முடியாமல் திண்டாடுகிறார். மனப்பாடம் வேறு பாதையில் வரும் என்கிறாள் தமயந்தி.

பேசியது: சூடு. ஆயில். ஊத்து. திருகு. கருப்பு.

செப்டம்பர் 23, திங்கள்

தமயந்தி குடும்பப் போட்டோக்களைக் காட்டினாள். "ஷைனி" என்றார். தன் தங்கச்சியைப் பார்த்து, வீட்டில் கூப்பிடுகிறபடியே "பாப்பா" என்றார். என் போட்டோ வந்ததும் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். சோர்வாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பட்டறை வைத்திருக்கும் இசக்கிமுத்து வீட்டுக்கே வந்து தகடு வைக்க ஒத்துக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். என்னை அக்கா என்றும் இவரை அண்ணாச்சி என்றும் கூப்பிடுகிறார். என் சாக்பீஸ் வட்டங்களைச் சுற்றி வந்து பார்த்தார். பட்டி பூசி மூடிவிட்டால் போதாதா என்று கேட்டேன்.

"பட்டி பூசுனா இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியாதுக்கா. துருவுக்குத் தெரியும். அது பாட்டுக்கு உள்ள தின்னுக்கிட்டுதான் இருக்கும்" என்றார். "நல்ல இரும்பு வர்றவரைக்கும் வெட்டணும்."

வெட்டினார். ஒவ்வொரு ஓட்டையும் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாயிற்று. ஓட்டுநர் பக்கத்துத் தரையிலும் துரு இருக்கும், விரிப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சீட்டைக் கழற்றப் போனார். அதுவரைக்கும் அமைதியாக இருந்த இவர், "வேண்டாம்" என்றார். இன்னொரு தடவை சத்தமாக, "வேண்டாம்." கண் கலங்கியது. இசக்கிமுத்து கையை எடுத்துவிட்டார். இவரை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்த பிறகுதான் சீட்டைக் கழற்ற முடிந்தது.

காரணம் தெரியவில்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அந்தச் சீட்டில்தானே அவர் விழுந்துகிடந்தார்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. புதுத் தகடு வைத்த இடங்களைத் தேய்த்தேன். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு மெல்லியது. எட்டாத மூலைகளில் ஒட்டியிருந்த துருவுக்கு ஒரு திராவகம் தடவினேன். தடவின கொஞ்ச நேரத்தில் செந்நிறம் போய்க் கறுநீலமாக மாறியது. மாறும்போது உட்கார்ந்து பார்த்தேன், நகரவே மனமில்லை. காய்ந்ததும் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசினேன். கீழ் ஓரங்களை இவரே இடது கையால் பூசினார். கோணல்மாணலாக வந்தது. நான் திருத்தவில்லை.

பேசியது: இன்னும். போதும். காயட்டும். நல்லா. மொத்தக் கணக்கில் இன்றோடு நாற்பத்தொரு சொல்.

அக்டோபர் 6, ஞாயிறு

வெள்ளைப் பெயின்ட் வெள்ளிக்கிழமையே அடித்தாயிற்று. எஃப்.சி.யில் என்னென்ன பார்ப்பார்கள் என்று இசக்கிமுத்து இன்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிரேக், லைட், இண்டிகேட்டர், வைப்பர். ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் வலையைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். ஹாரனைப் பாடியோடு இறுக்கும் போல்ட்டில் துரு ஏறி, கரண்ட் திரும்பிப் போகும் வழி அடைத்திருந்தது. போல்ட்டை மாற்றித் தேய்த்துவிட்டு, யாராவது உட்கார்ந்து அமுக்குங்கள் என்றார்.

இவர் கையை நீட்டினார். நானும் இசக்கிமுத்துவும் தாங்கிப் பிடித்து ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தோம். இடது கையால் அமுக்கினார். பெரிய சத்தம். திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். மறுபடி அமுக்கினார். மறுபடி, மறுபடி. தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் கையைப் பிடித்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அன்னைக்கு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அடிச்சேன்" என்றார்.

இசக்கிமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது. கழற்றின போல்ட்டை நீட்டி, "இது செத்து ஒண்ணரை வருசமாவது இருக்கும் அண்ணாச்சி" என்றார். இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சத்தம்… இல்ல?"

"இல்லங்க. ஹாரன் அடிக்கவே இல்ல. எனக்குக் கேக்கல."

அப்படியே என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 7, திங்கள்

தமயந்தியிடம் இந்த வாரம் நோட்டைக் கொடுக்கவில்லை. வீட்டு வேலையில் எழுத முடியவில்லை என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்தப் பக்கம் அவளுக்கு அல்ல.

எட்டு மாதமாக அவர் என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. அன்று காலை கை மரத்துப்போய், வாய் குழறி, ஹாரனை அடித்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இருந்த கலக்கத்தில் அது அடித்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கேட்டும் நான் வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். நேற்று முன்தினம் என்னை மன்னித்துவிட்டார்.

எனக்குக் கேட்கவில்லை என்பது நிஜம். ஆனால் நான் பார்த்தேன்.

ஆறு ஐம்பதுக்கு அவர் போய்க் காரில் உட்கார்ந்தார். அடுப்படிச் சன்னலில் நின்றால் கார் நேராகத் தெரியும். ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்திருந்தார். கை மட்டும் அசைந்தது. என்னவோ வீம்பு, கிடக்கட்டும் என்று நினைத்தேன். குளித்தேன். பையை அடுக்கினேன். அன்று சாயங்காலம் கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துவைத்திருந்தேன். அங்கே ஒரு லேபில் வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தெரியாது, ஷைனிக்குத் தெரியாது. இரண்டு தடவை அடுப்படிக்கு வந்தேன், இரண்டு தடவையும் பார்த்தேன். ஏழே முக்காலுக்கு வெளியே கிளம்பும்போதுதான் வாய் கோணியிருந்தது தெரிந்தது.

ஐம்பத்தைந்து நிமிடம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஐம்பத்தைந்து நிமிடம் முந்திப் போட்டிருந்தால் கை வந்திருக்குமா, பேச்சு வந்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நானும் கேட்கவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டிருந்தால் போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் எழுத வருகிறது.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் டீ கொடுக்கும்போது "ஜெயா" என்றார். நான் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நான்கு நாளாக அவருக்கு என்ன உற்சாகம். என் பின்னாலேயே பார்வை. வைப்பர் ரப்பர் மாற்றினேன், ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். எதைச் செய்தாலும் "ஜெயா, நல்லா" என்கிறார். இரண்டு சொல் சேர்ந்து வருகிறது. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் திரும்பிக்கொண்டிருந்த நாட்கள் இதைவிடச் சுலபமாக இருந்தன.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அவருக்கும் பேச்சு வந்துகொண்டிருக்கிறது. இப்போது போய் அதைச் சொல்லி, வந்த பேச்சும் நின்றுவிட்டால்?

அக்டோபர் 16, புதன்

எஃப்.சி. முடிந்தது. இசக்கிமுத்து ஓட்டினார், இவரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் டார்ச் அடித்தார், கதவுக்குக் கீழே விரல் மடக்கித் தட்டினார். வெல்டிங் யார் வைத்தது என்று கேட்டார். வெளியே ஓட்டிக்காட்டச் சொன்னார். பின் லைட் ஒன்று மங்கல் என்று பக்கத்துக் கடையில் பல்பு மாற்றிவரச் சொன்னார். மாற்றினோம். இன்னும் ஐந்து வருடம் ஓடலாம்.

திரும்பும் வழியில் பீச் ரோட்டில் நிறுத்தி ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். இரும்புக்காரர் போன் பண்ணினார். விற்கவில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டு இவர் என் தோளைத் தட்டினார்.

இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது.

அக்டோபர் 17, வியாழன்

லேபுக்கு லீவு சொன்னேன். பத்து மணிக்கு அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மாங்காயில் சிரித்தார். கல்லில் தலையாட்டினார். எட்டாம் தேதிப் பக்கம் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. டிக்கெட்டையும் விடவில்லை.

முடித்ததும் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். ராத்திரி செபமாலைக்கும் வாய் திறக்கவில்லை.

பேசியது: வேண்டாம்.

அக்டோபர் 18, வெள்ளி

எதுவும் இல்லை.

அக்டோபர் 19, சனி

காலையில் கஞ்சி குடித்தார். பேசவில்லை. லேபிலிருந்து நான்கு மணிக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது, கட்டிலில் ஆளைக் காணவில்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். காருக்குள் இருந்தார். ஓட்டுநர் சீட்டில் இல்லை, பக்கத்துச் சீட்டில். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு தனியாக அவ்வளவு தூரம் நடந்து, கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தடவை நான் சன்னலில் நிற்கவில்லை. போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். புதுப் பெயின்ட் வாசனை. ரொம்ப நேரம் இருவரும் எதிரே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அதற்கான சொற்கள் அவரிடம் வந்துவிட்டனவா என்று ஒரு பக்கம் யோசனை ஓடியது, இந்த நோட்டு எழுதிப் பழகின புத்தி.

அவர் உதடு அசைந்தது. வரவில்லை. கையால் தன் நெஞ்சைத் தொட்டார். மறுபடி முயன்றார்.

"நானும்" என்றார்.

நான் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது தமயந்தியின் கட்டளை. காத்திருந்தேன். கழுத்து நரம்பு புடைத்தது.

"நானும்… பேசல" என்றார். "பதினாலு மாசம். நானும் பேசல, ஜெயா."

ஆளும் இருக்கிறது, செயலும் இருக்கிறது. முழு வாக்கியம். தமயந்தியிடம் திங்கட்கிழமை இந்த நோட்டைக் கொடுக்கும்போது எல்லாப் பக்கத்தோடும் கொடுப்பேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அதுவும் சரிதான் என்றேன். அதற்குப் பிறகு, கல்யாணப் பந்தியில் என் அண்ணனை அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு முதல் சொல்லைத் தேடத் தொடங்கினார். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாதிதான் சொல்லி முடித்திருக்கிறார்.